ஒழிஞ்ஞ கூடு

“உள்ள இருக்குன்னு நீ சொல்லுத. தொறந்தா போயிரும், தொறக்கலேன்னா தெரியாது. நல்ல ஏற்பாடாக்கும் மோளே இது, கேட்டோ! நானும் நாளை முதல் காலி டப்பாவப் பூட்டி, உள்ள பொன்னு இருக்குன்னு சொல்லி விக்கப் போறேன்.”

இதைச் சொன்னவர் அப்பா வேலை செய்த வெல்டிங் பட்டறையின் முதலாளி. நாகர்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, திருவனந்தபுரத்தில் தம்பானூர் ரயில் பாதைக்குப் பின்னால் பட்டறை போட்டவர். தமிழில் தொடங்கும் வாக்கியத்தை மலையாளத்தில் முடிப்பார். அங்கிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் கறுப்புக் கண்ணாடியைத் துடைப்பதுபோலக் குனிந்துகொண்டு சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

“தெரிஞ்சிட்டுத்தான் சொல்லுவேன் முதலாளி,” என்றேன்.

“தெரிஞ்சா இங்க வந்து எங்கிட்டயும் சொல்லணும். இவ்வளவு படிச்சிட்டு கரி உண்டாக்கப் போற பிள்ளைய நான் இப்பத்தான் பாக்கேன். உங்க அப்பன் படிக்காமலே தெனம் மூஞ்சி நெறைய கரியோட வீட்டுக்கு வாறான்.”

நான் அங்கே போனது ஒரு பழைய வெல்டிங் மெஷினைக் கேட்டு வாங்க. தொண்ணூறுகள் முடியப்போகிற சமயம் அது. நகருக்கு வெளியே, குன்றின் மேல் இருந்த ஓர் ஆய்வுக்கூடத்தில் நான் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்திருந்தேன். கரிக் கம்பிகளுக்கு நடுவே பெரிய மின்பொறியை எரியவைக்க எங்களுக்கு ஒரு கருவி வரவேண்டியிருந்தது, வரவில்லை. வெல்டிங் மெஷினே போதும், எங்கப்பா வேலை செய்யும் இடத்தில் ஒன்று சும்மா கிடக்கிறது என்று நான்தான் என் வழிகாட்டியான சாரிடம் சொன்னேன். அந்தக் கட்டடத்தில் வேறு யாரும் தன் அப்பாவின் வேலையை அப்படி உரக்கச் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்கு அதில் கூச்சம் கிடையாது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பாவுக்குப் பேருந்துப் பலகையைப் படித்துச் சொல்வதுதான் சின்ன வயதில் எனக்குக் கிடைத்த முதல் வேலை. “இதுல எது மக்கா நம்ம வண்டி?” என்பார். நான் கைகாட்டுகிற வண்டியில் மறுபேச்சில்லாமல் ஏறுவார். ஒரு நாளும் அவரைத் தப்பான வண்டியில் ஏற்றியதில்லை.

மெஷினை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அப்பாவே குன்றுக்கு வந்தார். அறை வாசலில் செருப்பைக் கழற்றினார். வேண்டாம் என்று சார் மலையாளத்தில் தடுத்தும் கேட்கவில்லை. கம்பிகளைப் பொருத்தி, எந்த முனை எதில் சேரவேண்டும் என்று நான் சொன்னபடி முடுக்கினார். பிறகு தன் கறுப்புக் கண்ணாடியை என்னிடம் கொடுத்தார். “வெறும் கண்ணால பாத்துராத. என் கண்ணப் பாரு. தெனம் ராத்திரி மணல் விழுந்த மாதிரி உறுத்தும்.” கிளம்பும்போது மேசைமேல் தாங்கியில் நின்ற சோதனைக் குழாய்களைப் பார்த்தார். ஒன்று கத்தரிப்பூ நிறம், ஒன்று செம்மதுவின் நிறம், ஒன்று பழுப்பு.

“இதுல எது மக்கா உன்னது?”

“என்னது இன்னும் வரல்லப்பா. வந்ததும் காட்டுதேன்.”

என் வேலை என்ன என்று இங்கே சொல்லிவிடுகிறேன். முதலாளிக்குச் சொன்னதும் இதுதான். கரியை மின்பொறியில் ஆவியாக்கி, ஹீலியம் வாயுவில் குளிரவிட்டால், கரி அணுக்கள் தாமாகவே ஒன்றோடொன்று கைகோத்து உருண்டைக் கூடுகளாக மூடிக்கொள்கின்றன. அறுபது அணுக்கள் சேர்ந்தால் கால்பந்தின் தையலைப் போன்ற ஒரு கூடு. அதைவிடப் பெரிய கூடுகளும் உண்டு. உள்ளே ஒன்றும் இருக்காது. ஆனால் கூடு மூடுகிற அந்தக் கணத்தில் வேறொரு அணு அங்கே அகப்பட்டால் அது உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அதன்பிறகு வெளியே வர வழி கிடையாது. நாங்கள் மாட்டவைக்க நினைத்தது லாந்தனம் என்ற உலோகத்தின் அணுவை. கரிக் கம்பியைத் துளைத்து, துளையில் லாந்தனம் ஆக்சைடையும் கரித்தூளையும் கலந்து திணித்து, இரும்பு உருளைக்குள் வைத்து எரிப்போம். உருளையின் சுவரில் படியும் கரியைச் சுரண்டி எடுத்து, டொலுயீன் என்ற திரவத்தில் ஊறவைத்து வடிப்போம். கூடுகள் அதில் கரைந்து இறங்கும். மிச்சக் கரி வடிதாளில் நிற்கும்.

எங்கள் அறையில் இன்னொருத்தியும் இருந்தாள். ஸ்ரீவராகத்து அக்ரஹாரத்துப் பெண், எனக்கு மூத்தவள். அவள் வேலை கூட்டுக்கு வெளியே. காலிக் கூட்டின் சுவரில் வேறு அணுக்கூட்டங்களை ரசாயனத்தால் ஒட்டவைத்து, தண்ணீரில் கரையாத அதைக் கரையவைக்கப் பார்த்தாள்.

“நீ உள்ள ஒருத்தனைப் பிடிச்சு அடைக்கறே. நான் வெளிச்சுவத்துல ஆணி அடிச்சிண்டிருக்கேன்,” என்பாள். “வீட்டுக்காரன் வந்தா ரெண்டு பேருக்கும் உதைதான்டி.”

சார் எங்கள் இருவருக்கும் வழிகாட்டி. அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். என்னைச் சேர்த்துக்கொண்டதே அவர்தான். என் ஆங்கிலத்தைப் பற்றி நேர்முகத்தில் ஒருவர் இழுத்தபோது, கணக்கு வந்தால் போதும் என்று வெட்டிவிட்டார். அவருடைய ஒரே ஒரு சொல்தான் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. உள்ளே எதுவும் இல்லாத கூட்டை அவர் ‘ஒழிஞ்ஞ கூடு’ என்பார். மலையாளத்தில் அதற்குக் காலி என்று மட்டும்தான் பொருள். ஒழிஞ்ஞ டம்ளர், ஒழிஞ்ஞ பஸ். மலையாளப் பள்ளியில் படித்த எனக்கு இது தெரியாமல் இல்லை. ஆனால் வீட்டில் அந்தச் சொல் வேறு காரியத்துக்கு வரும். சனியன் ஒழிஞ்சது. அந்தக் குடும்பமே ஒழிஞ்சது. அம்மா யாரையாவது சபிக்கும்போது மட்டும் அது அவள் வாயில் வரும். சார் ஒரு குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, “இது ஒழிஞ்ஞதா” என்பார். அவர் மொழியில் அது வெறும் தகவல்: இது காலி. என் காதில் மட்டும் அது கேள்வியாக விழும். இது ஒழிந்ததா? ஒவ்வொரு முறையும் நான் திரும்பிக் குழாயைப் பார்ப்பேன்.

ஸ்ரீவராகத்துக்காரியிடம் இதைச் சொன்னேன். “எங்காத்துல அந்த வார்த்தையைச் சொன்னா வாயை அலம்பிண்டு வான்னு அனுப்பிச்சுடுவா,” என்று சிரித்தாள். அவளுக்கும் உள்ளூர அது உறுத்தியிருக்கவேண்டும். பிறகு அவள் என் முன்னால் அந்தச் சொல்லைப் பயன்படுத்தவில்லை.

கோடையில் லாந்தனம் சேர்க்காத வெறும் கம்பிகளை எரித்துப் பழகினோம், வேலை ஒழுங்காக நடந்தது. உருளையின் சின்ன ஜன்னல் வழியாக அப்பாவின் கண்ணாடியை வைத்துக்கொண்டு பார்ப்பேன். இரண்டு கம்பிகளுக்கு நடுவே ஒரு பச்சை கலந்த வெள்ளை வெளிச்சம் அசையாமல் நிற்கும். சுற்றிலும் கரி, கறுப்புப் பனியாக உதிரும். வீட்டுக்குப் போய் மூக்கைச் சிந்தினால் கைக்குட்டை கறுக்கும். நான் அதைப் பெருமையாகத்தான் நினைத்தேன்.

பிறகு இடவப்பாதி, ஜூன் மாதத்துப் பருவமழை, இறங்கியது.

லாந்தனம் ஆக்சைடு வெள்ளைப் பொடி. பார்க்கச் சுண்ணாம்பு போல இருக்கும், குணமும் கிட்டத்தட்ட அதேதான். காற்றில் இருக்கும் ஈரத்தைக் குடித்து ஊதும். திருவனந்தபுரத்து மழைக்காலத்தில் அதற்குக் குடிக்கக் கேட்கவேண்டுமா? மாலையில் திணித்து வைத்துவிட்டுப் போன கம்பிகள் காலையில் நீளவாக்கில் பிளந்து கிடந்தன. அறை பூட்டியபடியே இருந்தது, யாரும் தொடவில்லை. ஈரக் கைகளோடு யாரோ உள்ளே வந்து ஒவ்வொன்றாக உடைத்துவிட்டுப் போனதுபோல் இருந்தது. ஆக்சைடை உலையில் சிவக்கச் சுட்டு, சூடு ஆறும் முன்பே திணித்து எரித்தால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் உலை வேறொரு பிரிவுக்குச் சொந்தம். நமக்கு முறை வரும்வரை காத்திருக்கவேண்டும். சார் காத்திருக்கத் தயாராக இல்லை. பிளக்காத கம்பிகளை எரித்துக்கொண்டே இரு என்றார்.

எரித்தேன். அப்படி எரித்த முதல் நாள், உருளை ஆறியபின் மூடியைத் திறந்ததும் ஒரு பூண்டு நாற்றம் வந்தது. எனக்கு அது புதிதில்லை. பட்டறையில் வெல்டிங் வாயு உண்டாக்க ஒரு டிரம்மில் கார்பைடு கல்லைப் போட்டுத் தண்ணீர் ஊற்றுவார்கள். அந்த டிரம்மைக் கழுவும் நாளில் தெருவே இப்படித்தான் நாறும். அந்த நாற்றத்தோடு வளர்ந்தவள் நான். இங்கே கார்பைடு எப்படி வந்தது என்று மூடியைக் கையில் பிடித்தபடியே யோசித்தேன். உலோகமும் கரியும் பொறியில் நேரடியாகச் சேர்ந்துகொண்டால் கார்பைடு உண்டாகும். காற்றின் ஈரம் பட்டதும் அது உடைந்து வாயு விடும். எங்கள் ஆக்சைடு அவ்வளவு சுத்தமானதும் அல்ல, நாற்றத்துக்கு அதுவும் காரணம். ஆனால் ஈரம் தொட முடிகிற இடத்தில் உலோகம் இருக்கிறது என்றால், அது கூட்டுக்குள் இல்லை என்றுதானே பொருள்?

சுரண்டுவதற்குத் தூரிகையை வைத்தேன். சுவரில் படிந்திருந்த கரியில் ஒரு சிவப்புப் புள்ளி தோன்றியது. அது நகர்ந்தது. பக்கத்தில் இன்னொன்று. பீடியின் நுனி போலச் சின்னச் சின்னக் கனல்கள், கறுப்பின் மேல் எறும்புபோல ஊரத் தொடங்கின.

“மூடுடி! மூடித் தொலை!” என்று ஸ்ரீவராகத்துக்காரி கத்தினாள்.

மூடினேன். உள்ளே எதுவும் வெடிக்கவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தோம். காற்று தீர்ந்ததும் புள்ளிகள் ஒவ்வொன்றாகக் கண்மூடின.

சாரிடம் போய், கார்பைடு நாற்றம் வருகிறது, கரி தானாகக் கனல்கிறது என்றேன்.

“பம்பின்டெ எண்ணெயா குட்டீ,” என்றார். “சாரமில்லா.”

உருளையின் காற்றை உறிஞ்சும் பம்பின் எண்ணெய்தான், பரவாயில்லை என்கிறார். அந்த எண்ணெய்க்கு என்ன நாற்றம் என்பது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். அவர் தலையைத் தூக்காமல் சொன்னதுதான் என்னைப் பயமுறுத்தியது.

அந்த மழைக்காலம் முழுவதும் முகத்தைத் திருப்பிக்கொண்டேதான் மூடியைத் திறந்தேன். மாலையானால் நெற்றிப் பொட்டில் வலி பிடிக்கும். ஒரு நாள் வீட்டில் நான் சோற்றுத் தட்டோடு உட்கார்ந்ததும் அப்பா மூக்கைச் சுளித்தார்.

“கார்பைடு நாத்தம் வருது.”

“உங்க சட்டையாயிருக்கும்ப்பா.”

“நான் இன்னைக்குப் பட்டறைக்கே போவல்ல மக்கா. நாத்தம் உன் தலையில.” கொஞ்ச நேரம் சாப்பிட்டார். பிறகு, “அது மூடின அறையில நிக்கப்பிடாத வாயுவாக்கும். ஒரு பொறி போரும். உங்க சாருக்கு அது தெரியுமா?” என்றார்.

தெரியும் என்றேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை. நான் கைகாட்டிய வண்டி அது.

சேர்ந்த கரியில் கொஞ்சத்தைச் சார் வடக்கே ஒரு நகரத்துக்கு, கூடுகளின் எடையைத் தனித்தனியாகப் பார்க்கும் பெரிய கருவி இருக்கும் இடத்துக்கு அனுப்பிவைத்தார். முடிவு வந்த அன்று அவர் அறைக்கு அறை போனார், எல்லோருக்கும் நேந்திரம்பழத்துப் பழம்பொரி வாங்கிக் கொடுத்தார். காகிதத்தில் வரைபடக் கோடு மேலெழும் பல முனைகளுக்கு நடுவே ஒரு சின்ன முனை. எண்பத்திரண்டு கரி அணுக்களும் ஒரு லாந்தனமும் சேர்ந்தால் என்ன எடையோ, அந்த எடை. “உள்ளிலுண்டு,” என்றார் சார். உள்ளே இருக்கிறது. எத்தனை வருடம் இதற்காகக் காத்திருந்தார் என்பது எனக்குத் தெரியும் என்பதால், நானும் ஒரு பழம்பொரியைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

வீட்டுக்குப் போகும் பேருந்தில் சிரிப்பு நின்றுவிட்டது. அந்தக் கருவி கரியை லேசரால் அடித்து ஆவியாக்கித்தான் எடை பார்க்கிறது. அந்த அடியிலேயே கரியும் கார்பைடும் உருகிச் சேர்ந்து, அங்கேயே ஒரு புதிய கூடு உண்டாகிவிடலாம். நாங்கள் அனுப்பியதோ வடிகட்டிய கரைசல் அல்ல, வெறும் கரி. முனை பொய் சொல்லவில்லை. ஆனால் அது எங்கள் உருளையில் நடந்ததைச் சொல்கிறதா, அவர்கள் கருவியில் நடந்ததையா?

இதற்கிடையில் ஒரு செய்தி வந்தது. வேலையைப் பார்வையிட வெளியூரிலிருந்து ஒரு குழு வரப்போகிறது. கூட்டுக்குள் அணு என்பது அவர்களுக்குப் பிடித்துப்போனால் ஆய்வுக்கூடத்துக்குச் சொந்தமாக ஒரு பெரிய கருவி, எனக்கு ஆராய்ச்சிப் படிப்பு முடியும்வரை இடம். பிடிக்காவிட்டால் இந்த வருடத்தோடு என் இடம் போகும். சார் இதை மறைக்காமல் சொன்னார். காட்டுவதற்கு எங்களிடம் இருந்தது ஒரு சோதனைக் குழாயின் அடியில் பழுப்பாக நின்ற கரைசல். ஒரு மழைக்காலத்துக் கரி முழுவதையும் வடித்துக் கிடைத்தது அவ்வளவுதான்.

உள்ளேயா வெளியேயா என்று கண்டுபிடிக்க ஒரு வழி எனக்குத் தெரிந்திருந்தது. கரைசலை அமிலத்தோடு குலுக்கினால், வெளியே ஒட்டிக்கொண்டு வந்த உலோகம் அமிலத்துக்குப் போய்விடும். கூட்டுக்குள் இருப்பதை அமிலம் தொடாது. அதைத் தெரிந்துகொள்ள, மிஞ்சிய கரைசலை வற்றவைத்து, கூட்டோடு சேர்த்து எரிக்கவேண்டும். கரி போய்விடும், உலோகம் சாம்பலில் நிற்கும். ஒரு சிவப்புச் சாயம் இருக்கிறது. லாந்தனம் இருந்தால் அது நீலமாகும். எந்தக் குழாய் நீலமாகிறது என்று பார்த்தால் போதும். பாதியை எடுத்துச் செய்யலாம் என்றால், பாதியில் சாயம் ஏறும் அளவுக்கு உலோகம் இருக்காது. முழுவதையும் எரிக்கவேண்டும். திறந்தால் போய்விடும் என்று முதலாளி சிரித்தது அப்போது நினைவுக்கு வந்தது. கேலிக்குச் சொன்னவர் இப்படி மாட்டிவிட்டாரே என்று எரிச்சலாகவும் இருந்தது.

சாரிடம் கேட்டேன்.

“ஆத்யம் அவர் வந்நு காணட்டே,” என்றார். முதலில் அவர்கள் வந்து பார்க்கட்டும். “அது கழிஞ்ஞிட்டு எரிச்சோ.”

“அவங்க பாத்தப்புறம் எரிச்சு, இல்லேன்னு வந்தா சார்?”

மழை பெய்துகொண்டிருந்தது. அவர் மேசையில் இருந்த காகிதங்களைச் சீராக அடுக்கி, அடுக்கியதைக் கலைத்து, மறுபடி அடுக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை உலை சும்மா இருந்தது. சார் ஊரில் இல்லை. காலையிலேயே போய்விட்டேன். ஸ்ரீவராகத்துக்காரியும் வந்திருந்தாள். நான் என்ன செய்யப்போகிறேன் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. அலமாரியிலிருந்து ஒரு மூசையை, உலையில் வைக்கும் பீங்கான் கிண்ணத்தை, எடுத்துக் கழுவித் துடைத்து என் முன்னால் வைத்தாள்.

“எரிச்சுட்டா திரும்பி வராதுடி. தெரியறதோன்னோ?”

“தெரியும் சேச்சி.”

“அப்புறம் எங்கிட்ட வந்து அழக்கூடாது.”

“நான் என்னைக்கு அழுதேன்?”

“அதான் பயமா இருக்கு,” என்றாள்.

முதலில் சாயத்தைச் சோதித்தேன். வெறும் அமிலத்தில் விட்டேன், சிவப்பாகவே நின்றது. ஆக்சைடில் ஒரு துணுக்கைக் கரைத்து விட்டேன், உடனே நீலம். சாயம் சரி. பிறகு பழுப்புக் கரைசலைப் பிரிபுனலில் ஊற்றி, அமிலம் சேர்த்துக் குலுக்கி, நிறுத்தினேன். மேலே டொலுயீன், கீழே அமிலம். கீழே இருந்ததை ஒரு குழாயில் இறக்கிச் சாயத்தைச் சொட்டினேன்.

நீலம். தயங்கித் தயங்கி வந்த நீலம் அல்ல, மை கொட்டியதுபோல.

பின்னால் நின்ற ஸ்ரீவராகத்துக்காரி மூசையை என் பக்கம் நகர்த்தினாள். வெளியே கொஞ்சம் ஒட்டியிருக்கத்தான் செய்யும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உள்ளே இருப்பது இனிமேல்தான் தெரியும். மேலே நின்ற கரைசலை மூசையில் வற்றவைத்தேன். அடியில் கறுப்பாக ஒரு படலம், நகத்தில் சுரண்டினால் வருமளவு. மூசையை உலைக்குள் வைத்துக் கதவை மூடினேன். சிவப்பு ஏறியது. உலையின் கதவிடுக்கில் தெரிந்த அந்த ஒளிக்கீற்றைப் பார்த்துக்கொண்டே இருவரும் அவள் வீட்டிலிருந்து கொண்டுவந்த தயிர்சாதத்தைச் சாப்பிட்டோம். எனக்கு உப்பு தெரியவில்லை.

ஆறியபின் எடுத்துப் பார்த்தால் மூசையில் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. அமிலம் விட்டுக் கழுவி, குழாயில் ஊற்றி, சாயம் விட்டேன். சிவப்பு. குலுக்கினேன். ஜன்னலுக்குக் கொண்டுபோனேன். வெள்ளைத் தாளைப் பின்னால் பிடித்தேன். நீலத்தின் ஓரச் சாயல்கூட இல்லை. நல்ல, தெளிவான சிவப்பு.

திங்கட்கிழமை சார் வந்ததும் இரண்டு குழாய்களையும் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். என்ன செய்தேன் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். கடைசியில், “சாரே, ஒழிஞ்ஞதா,” என்றேன். என் வாயால் அந்தச் சொல்லைச் சொன்னது அதுவே முதல் தடவை. கேள்வியாக அல்ல, அவர் சொல்வதுபோலவே தகவலாகச் சொன்னேன்.

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அவர் மெதுவாக எழுந்து எங்கள் அறைக்கு வந்தார். ஸ்ரீவராகத்துக்காரியின் மேசையிலிருந்து கத்தரிப்பூ நிறத்தில் நிறைந்து நின்ற ஒரு குழாயை எடுத்தார். காலிக் கூடுகளின் கரைசல் அது. அதைக் கொண்டுவந்து என் மேசையில், என் தாங்கியில் நிறுத்தினார். அதில் பெயர்ச்சீட்டு இல்லை.

“புறத்துநின்னு நோக்கியால் எல்லாம் ஒந்நுதன்னே,” என்றார். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுதான். “குட்டி கள்ளமொந்நும் பறயண்ட. மிண்டாதிருந்நால் மதி.”

பொய் எதுவும் சொல்லவேண்டாம். பேசாமல் இருந்தால் போதும். அதை அவர் அன்போடுதான் சொன்னார். என் இடத்தைக் காப்பாற்றத்தான் சொல்கிறார் என்பதும் புரிந்தது. அந்த அன்பு என்னை நாலாபுறமும் சுற்றி வந்து, சத்தமில்லாமல் மூடிக்கொண்டது.

அவர் போனபின் ஸ்ரீவராகத்துக்காரியைப் பார்த்தேன்.

“அவரே எடுத்துண்டார். மாட்டேன்னு எப்படிடி சொல்றது?” என்றாள். “எனக்கு அடுத்த மாசம் அவர் கையெழுத்து வேணும்.” பிறகு என் முகத்தைப் பார்க்காமல், “நீ பேசினா நான் உன் பக்கம்னு நினைச்சுக்காதே. எதிர்ப்பக்கமும் இல்லை,” என்றாள்.

குழு வருகிற அன்று முதல் பேருந்தைப் பிடித்தேன். வீட்டில் கிளம்பும்போது அப்பா பல் தேய்த்துக்கொண்டிருந்தார். “இன்னைக்குத்தானா மக்கா? உன்னது வந்தாச்சா?” என்றார். வந்தாச்சுப்பா என்றேன். முதலாளியிடம் சொல்லலாமா என்று கேட்டார். சொல்லுங்க, சாயங்காலம் நானே பட்டறைக்கு வருகிறேன் என்றேன்.

குன்றின் மேல் மழை விட்டிருந்தது. மேகம் தலைக்குமேல் தொட்டுவிடும் உயரத்தில் நின்றது. அன்று உலை எங்கள் முறை. புதிய ஆக்சைடை உள்ளே வைத்துச் சூட்டை ஏற்றினேன். பிறகு என் மேசைக்கு வந்தேன். சார் வைத்த கத்தரிப்பூக் குழாய் தாங்கியில் தனியாக நின்றது. வெளிச்சம் பட்டால் அது எவ்வளவு அழகான நிறம் என்பதை மறுக்கமாட்டேன். அதில் ஒரு சீட்டு ஒட்டி, காலி என்று ஆங்கிலத்தில் எழுதினேன். அதன் பக்கத்தில் நீலக் குழாயை வைத்தேன், லாந்தனம் வெளியே என்று எழுதி. அதற்கடுத்துச் சிவப்புக் குழாயை, உள்ளே இல்லை என்று எழுதி.

கார் ஏறிவரும் சத்தம் கேட்டது. தாழ்வாரத்தில் செருப்புச் சத்தங்கள். சார் அவர்களுக்கு முகம் காட்டியபடி பின்பக்கமாக நடந்து, பேசிக்கொண்டே உள்ளே வந்தார். திரும்பினார். தாங்கியைப் பார்த்தார். அவர் பேச்சு ஒரு சொல்லின் நடுவில் நின்றது. ஸ்ரீவராகத்துக்காரி ஏற்கெனவே கழுவிய குடுவையை மறுபடி கழுவத் தொடங்கினாள்.

வந்தவர்களில் வயதானவர் மேசைக்கு முன்னால் குனிந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு மூன்று சீட்டுகளையும் நிதானமாகப் படித்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்டார். இதில் எது அம்மா உன்னுடையது?

சார் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் நான் நீலக் குழாயைத் தாங்கியிலிருந்து எடுத்து அந்தப் பெரியவரின் கையில் கொடுத்திருந்தேன்.